கிராபிக்ஸ் கார்டுக்குப் புதுக் கூலர் தேவையா? காசு கொடுக்க முன் வீட்டிலேயே சோதிப்பது எப்படி

கனடாவிலிருந்து மாமா வந்தபோது அவருடைய பெட்டியில் சொக்லேட்டுக்கும் சவர்க்காரக் கட்டிகளுக்கும் நடுவில் எனக்கு ஒரு கூலர் வந்தது. கிராபிக்ஸ் கார்டின் சொந்தக் கூலரைக் கழட்டிவிட்டுப் பூட்டுகிற பெரிய கூலர். அப்போது மாசி மாதம். மத்தியானம் இரண்டு மணிக்குப் பழைய கூலரோடு சோதித்தேன்: 82 பாகை. புதியதைப் பூட்டி முடிக்க விடியப்புறம் ஆகிவிட்டது. ஐந்தரைக்குச் சோதித்தேன்: 68. பதினான்கு பாகை குறைந்துவிட்டது என்று சிநேகிதர் எல்லோருக்கும் படம் எடுத்து அனுப்பினேன்.

ஒருவன் மட்டும் திருப்பிக் கேட்டான்: "அறை எத்தினை பாகையில இருந்தது?"

என் அறைக்குச் சீற் கூரை. மத்தியானம் 33, விடியப்புறம் 26. ஆக, பதினான்கில் ஏழு மாசிப் பனியின் கணக்கு. கூலரின் கணக்கு மிச்சம் ஏழுதான்.

அதற்குப் பிறகு வேறு கார்டுகளில் இதையே ஒழுங்காகச் செய்து பழகினேன். கீழே இருப்பது அந்த முறை. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு கணக்கு

கார்ட் இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வரும். 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1070க்கு 150 வாட், ஜிடிஎக்ஸ் 1060க்கு 120 வாட். கூலர் அந்த வெப்பத்தை அழிப்பதில்லை. கார்டின் சில்லிலிருந்து (சிப்) எடுத்து அறைக் காற்றிடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். அறைக் காற்று எந்தப் பாகையில் இருக்கிறதோ, அதற்குக் கீழே எந்தக் காற்றுக் கூலராலும் போக முடியாது. அறை ஐந்து பாகை சூடானால் கார்டும் ஏறக்குறைய ஐந்து பாகை ஏறும்.

அதனால் நாம் எழுதி வைக்கப்போவது கார்டின் வெப்பநிலையிலிருந்து அறையின் வெப்பநிலையைக் கழித்து வரும் எண். இனி இதை 'வித்தியாசம்' என்றே சொல்கிறேன். மேலே சொன்ன கதையில் பழைய கூலரின் வித்தியாசம் 82 − 33 = 49. புதியது 68 − 26 = 42. கொழும்பிலோ குளிர்நாட்டிலோ ஏசி அறையில் இருந்து ஒருவர் "என்னுடையது 60தான் காட்டுது" என்று சொன்னால், அவருடைய அறை எத்தனை என்று கேட்காமல் உங்கள் கார்டைத் திட்டாதீர்கள்.

தேவையானவை

அறை வெப்பநிலை காட்டும் சின்ன டிஜிட்டல் வெப்பமானி ஒன்று. மென்பொருளில் கார்டின் நிலையைக் காட்டும் ஜிபியு-இசட், எச்டபிள்யு இன்ஃபோ, ஃபேனைக் கட்டுப்படுத்தும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர், கார்டுக்குக் கடும் வேலை கொடுக்கும் யூனிஜின் ஹெவன் நான்கும் வேண்டும். ஹெவனின் இலவசப் பதிப்பே போதும். கைத்தொலைபேசியில் சத்தம் அளக்கும் செயலி ஒன்று. ஒரு கொப்பி, ஒரு பேனை.

ஃபர்மார்க் என்ற மென்பொருளைப் பலர் சொல்வார்கள். அது கார்டை எந்த விளையாட்டும் வதைக்காத அளவுக்கு வதைக்கும். நாம் பார்க்க வேண்டியது அன்றாட வேலையில் என்ன நடக்கிறது என்பதை; எனவே எனக்கு ஹெவனே போதும்.

படி 1: இப்போது இருக்கிற நிலையை அளத்தல்

வெப்பமானியைக் கணினிக் கேஸின் முன்பக்கம், காற்று உள்ளே போகும் இடத்தில் வையுங்கள். பின்பக்கம் வைத்தால் கார்ட் துப்புகிற சூட்டையே அளப்பீர்கள். கூரை ஃபேனை நிறுத்துங்கள், அல்லது எல்லாச் சோதனைக்கும் ஒரே வேகத்தில் விடுங்கள். யன்னலும் அப்படித்தான்: சோளகம் வீசுகிற நாளில் திறந்த யன்னலோடு ஒரு சோதனை, பூட்டிய யன்னலோடு இன்னொன்று என்றால் இரண்டும் குப்பை.

ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை (மின்சார வரம்பு) 100 சதவீதத்தில் விடுங்கள், ஓவர்கிளாக் (வேகத்தை வலிந்து கூட்டுவது) எதுவும் வேண்டாம். ஃபேனைத் தானியங்கியிலிருந்து எடுத்து, 60 சதவீதத்தில் நிறுத்துங்கள். இது முக்கியம். தானியங்கியில் விட்டால் கார்ட் சூடாகச் சூடாக ஃபேனை வேகமாகச் சுழற்றித் தன்னைச் சமாளித்துக்கொள்ளும். வெப்பநிலை மாறாது, சத்தம்தான் மாறும், உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

பிறகு ஹெவனை ஓட விடுங்கள். முதல் 20 நிமிடம் எண்ணைப் பார்க்கவே வேண்டாம், போய்த் தேத்தண்ணி போடுங்கள். திரும்பி வந்து, ஐந்து நிமிடமாக வெப்பநிலை ஏறாமல் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றதும் எச்டபிள்யு இன்ஃபோவில் கீழே இருக்கிற கடிகாரப் படத்தை அழுத்தினால் பழைய கணக்கு அழிந்து சராசரி புதிதாகத் தொடங்கும். இன்னும் பத்து நிமிடம் ஓடவிட்டு அந்தச் சராசரியைக் குறியுங்கள். இடையில் கரண்ட் போனால் முதலில் இருந்து.

குறிக்க வேண்டியவை: அறை, கார்டின் வெப்பநிலை, ஹொட்ஸ்பொட் (சில்லின் ஆகச் சூடான இடம்) காட்டினால் அதுவும், வாட், கிளாக் வேகம் (சில்லு ஓடும் வேகம்), சிபியுவின் வெப்பநிலை. கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுவார்கள். அது ஏன் வேண்டும் என்பது படி 5இல் வரும்.

வாட்டை ஏன் குறிக்கிறோம்? சூடு கூடின கார்ட் சிலவேளை தன்னைத்தானே மெதுவாக்கிக்கொண்டு குறைவான மின்சாரம் இழுக்கும். அப்போது வெப்பநிலை மட்டும் பார்த்தால் கெட்ட கூலரும் நல்ல கூலர் போலத் தெரியும். இரண்டு சோதனையிலும் வாட் ஒன்றாக இல்லையென்றால், வித்தியாசத்தை வாட்டால் பிரித்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் 51, வாட் 150 என்றால் 0.34. இந்த எண் சிறிதாக இருக்கிற கூலர்தான் நல்லது.

படி 2: கார்டை உண்மையில் சூடுதான் தடுக்கிறதா?

"அண்ணை, 80 காட்டுது, கார்ட் எரிஞ்சு போயிடுமோ?" என்று கேட்கிற தம்பிமாருக்காக இந்தப் படி.

என்விடியா கார்ட் என்றால் ஜிபியு-இசட்டின் சென்சர்ஸ் பக்கத்தில் 'பர்ஃப்கேப் ரீசன்' என்று ஒரு வரி இருக்கும். கார்ட் இதைவிட வேகமாக ஓடாததற்கு எது காரணம் என்று அது சொல்லும். அங்கே 'தெர்ம்' என்று வந்தால் சூடுதான் கழுத்தைப் பிடித்திருக்கிறது. கூலர் பற்றி யோசிக்க நியாயம் உண்டு. 'பவர்' என்றோ 'விரெல்' என்றோ வந்தால் மின்சார வரம்பு, மின்னழுத்த வரம்பு. அதற்குக் கூலர் மருந்து இல்லை.

ஒரு சிக்கல் மட்டும். 1060, 1070 காலத்துக் கார்டுகள் 83 பாகை என்ற தங்கள் எல்லையை எட்டுவதற்கு வெகு முன்னரே, சூடு ஏற ஏற ஏறக்குறைய 13 மெகாஹெர்ட்ஸ் படி கிளாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டு போகும். அப்போது 'தெர்ம்' என்று வராது. ஹெவனைத் தொடங்கிய முதல் நிமிடத்துக் கிளாக்கையும் அரை மணிக்குப் பிறகு உள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் எவ்வளவு இழக்கிறீர்கள் என்று தெரியும். அநேகமாகச் சிரிப்பு வருகிற அளவு சின்ன எண்ணாக இருக்கும்.

படி 3: மேசை ஃபேன் சோதனை

காசில்லாத சோதனை, எனக்குப் பிடித்ததும் இதுதான். கேஸின் பக்கத் தகட்டைக் கழட்டுங்கள். மேசை ஃபேனை உள்ளே பார்க்கத் திருப்பி வையுங்கள். படி 1ஐ அப்படியே திரும்பச் செய்யுங்கள்.

வித்தியாசம் நன்றாக, எட்டுப் பத்துப் பாகை, விழுந்தால் உங்கள் கார்டின் கூலர் குற்றமற்றது. கேஸுக்குள் காற்று ஓட்டம் இல்லை. முன்பக்கம் ஒரு 120 மி.மீ. ஃபேன் பூட்டினால் விஷயம் முடிந்தது. கூலருக்கு வைத்த காசை வேறு எதற்காவது பாவிக்கலாம். இரண்டு மூன்று பாகைதான் விழுந்தது என்றால் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 4: துப்புரவும் புதுப் பேஸ்ட்டும்

யாழ்ப்பாணத்து வலிகாமப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: செம்மண் தூசி எல்லா இடமும் போகும். கோண்டாவிலில் இருந்து வந்த ஒரு கார்டைக் கழட்டியபோது தகடுகளுக்கு நடுவில் தூசி ஒரு கம்பளித் துண்டு மாதிரி, செங்கல் நிறத்தில், ஒரே தட்டையாக உரிந்து வந்தது. ஃபேன் அதன் மேல்தான் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. கீழே ஹீட்சிங்குக்கு (சூட்டைக் காற்றிடம் கொடுக்கும் அந்தத் தகடுக் கட்டுக்கு) ஒன்றும் போகவில்லை. கரையோர வீடுகளில் இன்னொரு தொல்லை: உப்புக் காற்றில் அலுமினியத் தகடுகள் வெள்ளை பூத்திருக்கும்.

செய்யும் முறை: முதலில் பத்து நிமிடம் ஹெவன் ஓட்டிக் கார்டைச் சூடாக்குங்கள்; சில்லுக்கும் கூலருக்கும் நடுவில் இறுகின பேஸ்ட் இளகும். பிறகு கணினியை நிறுத்தி, வயரைப் பிடுங்கி, கார்டை எடுங்கள். சில்லைச் சுற்றிப் பின்பக்கம் நான்கு ஸ்ப்ரிங் ஸ்க்ரூ இருக்கும். குறுக்கு மறுக்காக, ஒவ்வொன்றிலும் அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். ஸ்க்ரூவின் மேல் வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்து வாரண்டிக் காலமும் மிச்சம் இருந்தால் இங்கேயே நில்லுங்கள். வாங்கின கடையிலே கேட்டுவிட்டுத் தொடருங்கள்.

கூலரைத் தூக்கும்போது இழுக்காதீர்கள், மெல்லத் திருகுங்கள். ஃபேன் வயர் கார்டோடு பிணைந்திருக்கும். அந்தச் சின்ன வெள்ளைக் கனெக்டரை வயரில் பிடித்து இழுத்து நான் ஒருதரம் போர்டோடு பிடுங்கினேன். நகத்தால் கனெக்டரின் இரண்டு பக்கமும் நெம்ப வேண்டும்.

தூசியை ஊதும்போது ஃபேன் இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் அல்ககோலும் மெல்லிய துணியும் கொண்டு வடிவாகத் துடையுங்கள். புதுப் பேஸ்ட்டைச் சில்லு முழுவதும் மெல்லியதாகப் பரப்பலாம். கிராபிக்ஸ் சில்லுக்கு மூடி இல்லை, மூலை விட்டுப்போனால் அந்த மூலை கொதிக்கும்.

நினைவகச் சில்லுகளின் மேல் இருக்கிற தெர்மல் பேட் (சூட்டைக் கூலருக்குக் கடத்தும் மெத்தைத் துண்டு) கிழிந்தால் அதே தடிப்பில்தான் மாற்ற வேண்டும். 1 மி.மீ. இருந்த இடத்தில் 1.5 வைத்தால் கூலர் சில்லோடு முட்டாமல் மேலே நிற்கும். பிறகு பேஸ்ட் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

பூட்டி முடித்துப் படி 1ஐத் திரும்பச் செய்யுங்கள், கொப்பியில் எழுதுங்கள். புதுக் கூலர் இனி ஒப்பிடப்பட வேண்டியது இந்த எண்ணோடுதான். தூசி பிடித்த பழைய கூலரோடு ஒப்பிட்டு "20 பாகை குறைஞ்சுது" என்று சொல்பவர்கள் பாதி துப்புரவுக்கான புகழைக் கூலருக்குக் கொடுக்கிறார்கள்.

படி 5: புதுக் கூலரோடு

இரவல் கிடைத்தால் இரவலில் சோதியுங்கள். வாங்குவதென்றால் ஸ்க்ரூத் துளைகளின் இடைவெளி, கேஸின் அகலம், எத்தனை ஸ்லொட்டை அடைக்கும் என்ற மூன்றையும் தயாரிப்பாளரின் பட்டியலோடு சரிபார்த்த பிறகு. பல கூலர்களில் நினைவகத்துக்கும் மின்வழங்கல் பகுதிக்கும் தனித்தனிச் சின்ன ஹீட்சிங்க் ஒட்ட வேண்டும். இதை மறந்தால் சில்லு 60இல் குளிர்ந்திருக்கும், பக்கத்தில் மின்வழங்கல் பகுதி வெந்துகொண்டிருக்கும், திரையில் ஒன்றும் தெரியாது.

இப்போது நியாயமான ஒப்பீடு. 60 சதவீதம் என்பது இரண்டு ஃபேனிலும் ஒன்றல்ல. கார்டிலிருந்து அரை மீற்றர் தூரத்தில் தொலைபேசியை வைத்து, பழைய கூலர் 60 சதவீதத்தில் போட்ட அதே சத்தத்தைப் புதியது எத்தனை சதவீதத்தில் போடுகிறது என்று கண்டுபிடியுங்கள். அந்த வேகத்தில் சோதியுங்கள். இதற்குப் பழைய கூலரின் சத்தத்தைக் கழட்ட முன்னரே அளந்து எழுதியிருக்க வேண்டும். செயலி காட்டும் டெசிபெல் துல்லியமாக இராது, ஒப்பிட மட்டும் போதும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் என் வீட்டில் இந்த வேலை நடக்காது, ஒலிபெருக்கி அப்படி.

என் 1070இல் வந்த கணக்கு இது. ஒற்றை ஃபேன் புளோவர் கூலர், எல்லாச் சோதனையிலும் அறை 31. தூசியோடு 82, வித்தியாசம் 51. மேசை ஃபேனோடு வித்தியாசம் 47. துப்புரவும் பேஸ்ட்டும் முடிந்து 42. புதுக் கூலரோடு, அதே சத்தத்தில், வித்தியாசம் 31. ஆகக் கூலர் தனியாகத் தந்தது 11, துப்புரவு தந்தது 9. விளையாட்டில் கிடைத்த லாபம் வினாடிக்கு 90 பிரேமில் (படச்சட்டம்) மூன்று நான்கு. கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

ஆனால் சிபியு நான்கு பாகை ஏறிவிட்டது. புளோவர் சூட்டைப் பின்பக்கத்தால் வெளியே தள்ளும். புதியது கேஸுக்குள்ளேயே கொட்டுகிறது. பின்னால் ஒரு ஃபேன் கூடுதலாகப் பூட்ட வேண்டி வந்தது, அந்தச் செலவும் கூலரின் விலையில்தான் சேரும்.

படி 6: வாங்கலாமா?

வேகத்துக்காக என்றால் வேண்டாம். அந்தக் காசைச் சேர்த்து வைத்து அடுத்த கார்டை வாங்குங்கள். சத்தத்துக்காக என்றால் நான் வாங்குவேன்: அதே 42ஐ வைத்துக்கொண்டு புதுக் கூலரின் ஃபேனை இறக்கியபோது, இரவில் பக்கத்து அறையில் அம்மா எழும்பவில்லை. கூலரின் விலை, உங்கள் கார்ட் இன்றைக்கு விற்றால் போகும் விலையின் மூன்றில் ஒன்றைத் தாண்டினால் அதற்கும் வாங்கமாட்டேன்.

நடுவழி ஒன்றும் உண்டு. இரண்டு மூன்று ஃபேன் உள்ள கார்ட் என்றால், பிளாஸ்டிக் மூடியையும் சின்ன ஃபேன்களையும் மட்டும் கழட்டி, ஹீட்சிங்கை அப்படியே விட்டு, அதன் மேல் இரண்டு 120 மி.மீ. ஃபேனைக் கேபிள் டையால் கட்டலாம். வயரை மதர்போர்டில் செருகி, ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளில் கார்டின் வெப்பநிலையைப் பார்த்துச் சுழலச் சொல்ல வேண்டும். பார்க்க வடிவில்லை. ஆனால் வேலை செய்கிறது. புளோவர் கார்டுக்கு இது சரிவராது.

எதைச் செய்தாலும் பழைய கூலரை எறியாதீர்கள். அதன் ஸ்க்ரூக்களை ஒரு சின்னப் பையில் போட்டு, கார்டின் பெயரை எழுதி, கூலரோடே கட்டி வையுங்கள். கார்டை விற்கும் நாளில் வாங்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.