தாழ்வான காரில் ஏர் ஷோ போறீங்களா?

கோவைக்குப் பக்கத்துல சூலூர்ப் பக்கம் விமானச் சாகசம் பார்க்க, எங்க ஸ்போர்ட்ஸ் கார் கூட்டாளிங்க ஆறு பேரும் விடியக்காலையிலேயே கிளம்பினோமுங்க. திருச்சி ரோடு வரைக்கும் சொகுசு. ஊருக்குள்ள திரும்பினதும் வேகத்தடை! நேரா ஏறுன முதல் வண்டிக்கு முன் பம்பர் அடியில 'கரக்'னு ஒரு சத்தம், பெயிண்ட் போச்சு.

இந்த வண்டிகளுக்குத் தரையிலிருந்து இடைவெளி ரொம்பக் கம்மி. அதனால ஒரு சக்கரம் முதல்ல ஏறுற மாதிரி சாய்வா, ஊர்ந்து ஏறுங்க. பக்கத்துல இருக்கறவரை இறக்கி விட்டா இன்னும் நல்லது (மூஞ்சியைச் சுளிப்பாரு, பரவாயில்லை).

பார்க்கிங் பெரும்பாலும் விவசாயக் காட்டுலதான். உழுத மண்ணை விட்டுட்டு, கெட்டித் தரையா பார்த்து, முகப்பு வெளியே போற வழியைப் பார்த்து இருக்கற மாதிரி நிறுத்துங்க.

சூலூரைத் தளமாக் கொண்ட விமானப்படையோட சாரங் சாகசக் குழுவோட துருவ் ஹெலிகாப்டர் சத்தத்தைத் தாங்கிக்கலாம். தேஜஸ் போர் விமானம் தாழப் பறந்தா நெஞ்சே அதிரும். குழந்தைங்க காதுக்கு இயர் மஃப் (காது மூடி) கட்டாயம். தொப்பி, தண்ணியும் வேணும்.

முடிஞ்ச உடனே வண்டியை எடுக்காதீங்க. நெரிசல்ல ஊர்ந்தா இன்ஜின் சூடேறும். நாங்க இளநீர் குடிச்சுட்டு முக்கால் மணி நேரம் கழிச்சுத்தான் எடுத்தோம்.