தோல் பொருள்ல வரைய எந்த அக்ரிலிக் பெயிண்ட் வாங்கணும்? புதுசா ஆரம்பிக்கவங்களுக்கு

"அக்ரிலிக்னா எல்லாம் ஒண்ணுதானே?"ன்னு நிறைய பேரு கேக்காங்க. ஒண்ணு கெடையாது. கலர் பொடி, அதப் பிடிச்சு வைக்குத பைண்டர், தண்ணி, இந்த மூணுந்தான் அக்ரிலிக் பெயிண்ட். தண்ணி வத்துனதும் பைண்டர் ஒரு மெல்லிசான பிளாஸ்டிக் படலமா படிஞ்சிரும். கேன்வாஸ்லயோ பானையிலயோ அது அசையாம கெடந்தா போதும், ஆனா செருப்பு வார்லயும் பர்ஸ் மடிப்புலயும் நாள் பூரா மடங்கி நிமிரணும்லா. கலரெல்லாம் அப்புறம், மொதல்ல அந்தப் படலம் வளையுமான்னு பாத்துக்கிடுங்க.

1. கையில இருக்கது என்ன தோல்?

ஓரத்தயும் பின்பக்கத்தயும் பாருங்க. நார் நாரா இருந்தா நெசத் தோல், துணி நெசவு தெரிஞ்சா ரெக்சின். நெசத் தோல்னா மேல ஒரு சொட்டு தண்ணி விடுங்க. உறிஞ்சுச்சுன்னா பூச்சு இல்லாத தோல், நேரா பெயிண்ட் பிடிக்கும். முத்து மாதிரி நின்னுச்சுன்னா கம்பெனி பினிஷோ பாலிஷோ மேல இருக்குன்னு அர்த்தம், அத எடுக்காம எவ்வளவு விலை கூடுன பெயிண்ட் அடிச்சாலும் உரிஞ்சி வந்திரும். பஞ்சுல அசிட்டோன்ங்குத கரைப்பான தொட்டு பளபளப்பு போற வர மெள்ள தொடைங்க. சீக்கிரம் தீப்பிடிக்கும், அதனால அடுப்பு பக்கம் வேண்டாம், காத்தோட்டமா திண்ணையில உக்காந்து பண்ணுங்க. ரெக்சின்ல அசிட்டோன் கூடவே கூடாது, மேல்பூச்சு எளகி கெட்டுரும்.

இன்னொண்ணு, தோல்பாவைக் கூத்துக்குப் பாவை மாதிரி செய்ய நெனைக்கவங்களுக்கு அக்ரிலிக் ஆகாது. விளக்கு வெளிச்சம் அந்த ஆட்டுத்தோல ஊடுருவி வந்தாத்தான் கலர் திரையில தெரியும், அக்ரிலிக் வெளிச்சத்த மறைச்சிரும். அதுக்கு தோலுக்குள்ள எறங்குத சாயந்தான் வேணும்.

2. எந்த வகை பெயிண்ட்?

தோலுக்குன்னே வர்ற அக்ரிலிக்தான் நல்லது. ஏஞ்சலஸ்னு ஒரு அமெரிக்க பிராண்ட், ஆன்லைன்ல கிடைக்கும், சின்ன பாட்டில் 1 அவுன்ஸ், அதாவது கிட்டத்தட்ட 30 மில்லி. பைண்டர் மெத்துன்னு வளையுத மாதிரி இருக்கதுனால மடிப்புல தாங்கும்.

கடையில கிடைக்குத பெவிக்ரில், கேமல் அக்ரிலிக்க தூக்கிப் போட வேண்டாம். டைரி அட்டை, பேக்ல மடங்காத முன்பக்கம், சாவிக்கொத்து இதுக்கெல்லாம் தாராளமா போடலாம். செருப்புக்கும் பெல்ட்டுக்கும்னா பேப்ரிக் மீடியம், அதாவது துணியில அடிக்கதுக்காக அக்ரிலிக்ல கலக்குத திரவம், கலந்து பாருங்க, கொஞ்சம் வளையும், ஆனாலும் தோல் பெயிண்ட் அளவுக்கு வராது. எனாமல் பெயிண்ட் மட்டும் வேண்டவே வேண்டாம், அந்தச் சவம் காஞ்சு வெறச்சுப் போயி வெடிச்சிரும்.

3. என்ன கலர்?

பெரிய செட்டு வேண்டாம். கருப்பு, வெள்ள, செவப்பு, மஞ்ச, நீலம் போதும், வெள்ள மட்டும் பெரிய பாட்டிலா வாங்குங்க, ஏன்னா கருப்புத் தோல்ல மஞ்சளயும் செவப்பயும் நேரா அடிச்சா மங்கித்தான் தெரியும், கீழ வெள்ள அடிச்சு காயவிட்டு மேல போட்டாத்தான் எடுப்பா இருக்கும்.

4. மடக்கிப் பாருங்க

இதத் தயவுசெஞ்சு விட்டுறாதீங்க. செருப்பு தைக்குத அண்ணாச்சிட்ட ஒரு துண்டுத் தோல் கேட்டு வாங்கிக்கிடுங்க. அதுல மெல்லிசா மூணு கோட்டு பெயிண்ட் அடிங்க, ஒவ்வொண்ணும் காஞ்ச பொறவு அடுத்தது. ஒரு நாள் பூரா விட்டுட்டு பெயிண்ட் பக்கம் வெளிய இருக்க மாதிரி ஒரு ஐம்பது தடவ மடக்குங்க. மடிச்ச எடத்துல முடி மாதிரி கோடு விழுந்தா பெயிண்ட் வெறப்பு, இல்லன்னா தடிமனா அடிச்சிருக்கீங்க. அடுத்து செல்லோடேப் ஒட்டி வெடுக்குன்னு இழுங்க, பெயிண்ட் டேப்போட வந்துச்சுன்னா பெயிண்ட் மேல பழி போடாம அசிட்டோன் எடுத்து இன்னும் நல்லா தொடைங்க. ரெண்டுலயும் பாஸான பெயிண்டுக்குத்தான் பெரிய பாட்டில்.

நம்ம ஊரு சித்திர வெயில்ல பிரஷ்லயே பெயிண்ட் காஞ்சு இழுக்கும், காலையிலயே வேலைய முடிச்சிருங்க, வெயில்லயும் காயப் போடாதீங்க, தோல் சுருங்கிரும். தென்காசி பக்கம் சாரல் நேரத்துல காய ரொம்ப நேரம் எடுக்கும், அவசரப்பட்டு அடுத்த கோட்டு போட்டா அடி கோட்டு கெளம்பி வந்திரும்.

5. பினிஷர்

கடைசில அக்ரிலிக் பினிஷர், அதாவது பெயிண்டுக்கு மேல பாதுகாப்பா அடிக்குத பூச்சு, ஒரு கோட்டு. பளபளப்பு இல்லாத மேட் வாங்குனா பாட்டில நல்லா குலுக்கிட்டு ஊத்துங்க, அடியில படிஞ்சிருக்கது கலக்காட்டி திட்டுத் திட்டா வெள்ளயா தெரியும். பர்ஸ் உள்பக்கத்துக்கு பளபளன்னு இருக்குத கிளாஸ் (gloss) பினிஷர் வேண்டாம், நம்ம சூட்டுல ரெண்டு பக்கமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும். மேட்டோ, லேசா மினுக்குத சாட்டினோ போட்டு, பர்ஸ மூடாம ஒரு வாரம் தொறந்தே வச்சிருந்துட்டு அப்புறம் எடுங்க.