வாங்கியதா, வாடகையா? மின்னூல் சேகரிப்பில் நூலகங்கள் செய்யும் தவறுகள்

ஓர் அச்சுப் புத்தகத்தை நூலகம் வாங்கிவிட்டால் அது நூலகத்தின் சொத்து. தாள் நைந்துபோகும்வரை இரவல் கொடுக்கலாம், பைண்டு போட்டு மறுபடியும் கொடுக்கலாம். மின்னூலில் பெரும்பாலும் நம் கைக்கு வருவது புத்தகம் அல்ல, அதைப் படிக்கக் கொடுப்பதற்கான உரிமம். வாடகைக்கு எடுத்ததைச் சொந்த வீடு என்று நினைத்துக் குடியிருப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைத்தவை.

உரிமங்களும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 2011-இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம், தன் மின்னூலை ஒரு நூலகம் 26 முறைதான் இரவல் கொடுக்கலாம் என்று வரம்பு வைத்தது. ஆளுக்கு இரண்டு வாரம் என்றால் சரியாக ஓர் ஆண்டுக் கணக்கு. 27-ஆவது வாசகருக்குக் கொடுக்க மறுபடியும் பணம் கட்ட வேண்டும். பெங்குவின் ரேண்டம் ஹவுஸ் 2018-இல், அமெரிக்கப் பொது நூலகங்களுக்குத் தந்துவந்த நிரந்தர உரிமத்தைக் கைவிட்டு இரண்டாண்டு உரிமத்துக்கு மாறியது. சில உரிமங்களில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்க முடியும். சிலவற்றில் எத்தனை பேர் வேண்டுமானாலும் படிக்கலாம். வேறு சிலவற்றில் ஒவ்வோர் இரவலுக்கும் தனிக் கட்டணம். வாங்கும் அன்றே ஒவ்வொரு நூலுக்கும் எதிரே உரிம வகை, முடியும் தேதி, மீதி இரவல் எண்ணிக்கை மூன்றையும் குறித்து வைக்காவிட்டால் பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

நிதியாண்டு முடிகிறது, பணம் மிச்சம் இருக்கிறது என்று ஒரே மாதத்தில் ஐந்நூறு நூல்களுக்கு இரண்டாண்டு உரிமம் எடுப்பவர்கள் உண்டு. இரண்டு ஆண்டு கழித்து அதே மாதத்தில் ஐந்நூறும் மொத்தமாகக் காலாவதி ஆகும். புதுப்பிக்கத் தனியாகப் பணம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். வாங்குவதை மாதங்களுக்குப் பிரித்துப் போட்டாலே இந்தத் தலைவலி பாதி குறையும். எல்லாவற்றையும் புதுப்பிக்க வேண்டும் என்றும் இல்லை. அன்று பரபரப்பாக ஓடிய நாவலை இன்று யாரும் கேட்காமல் இருக்கலாம்.

அடுத்தது, தொகுப்புச் சந்தா. 'ஒரு லட்சம் நூல்கள்' என்று விற்பனையாளர் சொன்னதும் கண் விரிகிறது. அதில் ஏற்கெனவே நம்மிடம் உள்ளவை எத்தனை, பழைய பதிப்புகள் எத்தனை, பதிப்புரிமை முடிந்து இலவசமாகக் கிடைப்பவை எத்தனை என்று பட்டியலை ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. சந்தாத் தொகுப்பிலிருந்து எந்த நூலும் எப்போது வேண்டுமானாலும் நீக்கப்படலாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பாடத்துக்குப் பரிந்துரைத்த நூல் பருவத்தின் நடுவில் காணாமல் போனால் மாணவர்களுக்கு நூலகர்தான் பதில் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட நூலை, பலர் ஒரே நேரத்தில் படிக்கும் நிரந்தர உரிமம் கிடைத்தால், தனியாக வாங்கிவிடுவதே நல்லது.

வாங்கிய பிறகு கேட்டலாகில் ஏற்றாமல் விடுவது, என்னைக் கேட்டால், பணத்தைக் கிணற்றில் போடுவதற்குச் சமம். மின்னூலுக்கு அலமாரி கிடையாது. நடந்து போகிறவர் கண்ணில் தற்செயலாகப் படாது. தேடலில் வராத நூல் இல்லாத நூல்தான். ஏற்றினால் மட்டும் போதாது: தொகுப்பிலிருந்து விலகிய நூல்களின் பதிவுகளையும் நீக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசகர் சொடுக்குவார், பிழைச்செய்தி வரும். இரண்டு முறை அப்படி ஆனால் அப்புறம் அவர் வரவே மாட்டார்.

பயன்பாட்டுக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு தளம் முழு நூலையும் ஒரே கோப்பாகத் தரும். இன்னொன்று அத்தியாயம் அத்தியாயமாகத் தரும். பத்து அத்தியாயம் படித்தவர் முதல் தளத்தில் ஒன்றாகவும் இரண்டாவதில் பத்தாகவும் பதிவாகலாம். அதைப் பார்த்து இரண்டாவது தளம்தான் அதிகம் பயன்படுகிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். இதைச் சமன்செய்யத்தான், எல்லாத் தளங்களும் பயன்பாட்டை ஒரே முறையில் எண்ணித் தருவதற்கான கவுன்டர் (COUNTER) தர அறிக்கைகளில் நூல் வாரியான தனிக்கணக்கு இருக்கிறது. தளங்களை ஒப்பிட அதையே எடுக்க வேண்டும். கேட்டும் கிடைக்காமல் திரும்பியவர்களின் எண்ணிக்கையும் அந்த அறிக்கைகளிலேயே வரும். எந்த நூலுக்குக் கூடுதல் பிரதி தேவை என்பதை அது காட்டிக்கொடுக்கும். பயன்பாடு பூஜ்யம் என்று ஒரு நூலை நிறுத்துவதற்கு முன், அதன் இணைப்பு வேலை செய்கிறதா என்று ஒருமுறை சொடுக்கிப் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் வெள்ளோட்டம் பார்ப்பவர்களும் குறைவு. நூலகக் கணினியில் திறந்து பார்த்துவிட்டுச் சரி என்று விட்டுவிடுகிறார்கள். வாசகரோ வீட்டில், சின்ன போனில் திறக்கிறார். ஈபப் கோப்பு என்றால் எழுத்து திரைக்கேற்ப மடங்கிக்கொள்ளும். பிடிஎஃப் என்றால் பக்கத்தை இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வெறும் படமாக ஸ்கேன் செய்த பிடிஎஃபில் சொல் தேட முடியாது, பார்வையற்றவர்களின் திரைவாசிப்பானுக்கும் அதில் ஒன்றும் கிடைக்காது.

தளமே மூடப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் ஒப்பந்தத்தில் கேட்டு எழுதி வாங்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை 2019-இல் மூடியபோது, தனிநபர்கள் விலை கொடுத்து வாங்கிய நூல்களும் சேர்ந்தே மறைந்தன. பணம் திரும்ப வந்தது, புத்தகம் வரவில்லை. நிரந்தர உரிமம் என்று பணம் வாங்கும் நிறுவனத்திடம், அந்த நூல்கள் போர்ட்டிகோ, கிளாக்ஸ் போன்ற பாதுகாப்புக் காப்பகங்களில் இருக்கின்றனவா என்று கேட்பதில் தவறில்லை.

கடைசியாக, அற்பமாகத் தோன்றும் ஒன்று. நிர்வாகக் கணக்கை ஊழியர் ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் தொடங்குவார்கள். அவர் மாற்றலாகிப் போவார். புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்புகள் அவருக்கே போய்க்கொண்டிருக்கும், ஒரு காலையில் நூல்கள் எதுவும் திறக்காத வரை.