ஹோம்லேண்ட் செக்யூரிட்டி பட்டம்: பணம் கட்டும் முன் பலர் சறுக்கும் இடங்கள்

நியூ ஜெர்சியில் நண்பர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். பன்னிரண்டாவது படிக்கும் அவர் மகன் ஒரு கல்லூரிக் கையேட்டை எடுத்து வந்தான். ஹோம்லேண்ட் செக்யூரிட்டியில், அதாவது உள்நாட்டுப் பாதுகாப்பில் இளங்கலை. அட்டையில் ஹெலிகாப்டர், கட்டணம் மட்டும் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில். நான் லேப்டாப்பில் அமெரிக்க மத்திய அரசு வேலைகளுக்கான யுஎஸ்ஏஜாப்ஸ் தளத்தைத் திறந்து, சிபிபி எனும் சுங்க, எல்லைப் பாதுகாப்பு அமைப்பின் அதிகாரி வேலைக்கான அறிவிப்பைக் காட்டினேன். கல்வித் தகுதியை இரண்டு தடவை படித்துவிட்டு, "அங்கிள், எந்த டிகிரின்னே போடலையே?" என்றான்.

போட மாட்டார்கள். மத்திய அரசுத் துறைக்கும் பட்டத்துக்கும் ஒரே பெயர் இருப்பதால் இதுதான் நுழைவுச் சீட்டு என்று நம்பிவிடுகிறார்கள். பெரிய தவறு அதுதான். 22 அமைப்புகளைச் சேர்த்துக் கட்டி 2003 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த துறை அது. ஒவ்வொன்றும் தேடுகிற ஆள் வேறு. விமான நிலையச் சோதனைக்குப் பள்ளிப் படிப்பு போதும். எல்லை ரோந்துப் பணிக்குப் பட்டம் கட்டாயமே இல்லை. சைபர் பாதுகாப்பைப் பார்க்கும் சிசாவுக்கோ கணினி தெரிந்தவர் வேண்டும்.

சம்பளக் கணக்குக்கு வருவோம். எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கினாலும் பொதுவாக ஜிஎஸ்-5 எனும் மத்திய அரசுச் சம்பளப் படிநிலையில் நுழையலாம். 2024 அட்டவணைப்படி ஆண்டுக்கு ஏறக்குறைய 34,000 டாலர் அடிப்படைச் சம்பளம். ஊருக்கேற்ற கூடுதல் படித்தொகை தனி. சராசரி மதிப்பெண் 4க்கு 3 இருந்தால் பல வேலைகளுக்கு ஜிஎஸ்-7, அதாவது ஏறக்குறைய 42,000. அந்த 8,000 டாலர் வித்தியாசம் மதிப்பெண்ணால் வருவது, கல்லூரியின் பெயரால் அல்ல. ஆண்டுக்கு 15,000 வாங்கும் அரசுக் கல்லூரி ஒன்று, 45,000 வாங்கும் தனியார் கல்லூரி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு வருடத்தில் 1,20,000 டாலர் கூடுதலாகப் போகிறது. இரண்டு பேரும் உட்காரப் போவது ஒரே நாற்காலியில்.

கல்விக் கடனைத் தனிக் கணக்காக வைப்பது அடுத்த சறுக்கல். இந்த வேலைகள் பலவற்றுக்கும் எஸ்எஃப்-86 என்ற நீண்ட பின்னணி விசாரணைப் படிவம் உண்டு. கட்டாமல் நிலுவையில் விட்ட கடன்களை அதில் எழுத வேண்டும். கடன் இருப்பது குற்றமில்லை; கட்டாமல் விட்டதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். வேலைக்காக வாங்கிய கடனே வேலையைக் கெடுத்த கதையாகிவிடும். கஞ்சாப் பழக்கமும் அப்படித்தான் வேலையைக் கெடுக்கும்: நியூ ஜெர்சிச் சட்டம் அனுமதிக்கிறது, மத்திய அரசு அனுமதிக்கவில்லை. சிபிபியின் சீருடைப் பணிகளுக்குப் பொய் கண்டறியும் சோதனையும் உண்டு.

"அரசு வேலைதானே, பத்து வருஷத்துல கடன் தள்ளுபடி" என்பார்கள். 2007இல் வந்த அந்தத் திட்டம் உண்மைதான். ஆனால் 120 தவணை ஒழுங்காகக் கட்டியிருக்க வேண்டும். மத்திய அரசு நேரடியாகத் தந்த கடனாக இருக்க வேண்டும். தனியார் வங்கிக் கடனுக்குக் கிடையாது. அப்பா பெயரில் எடுத்த கடனுக்கு மகனின் அரசு வேலை கணக்கில் வராது. அப்பா ஐடி கம்பெனிக்காரர் என்றால் அந்தத் தள்ளுபடி இல்லை.

ஊரிலிருந்து எஃப்-1 எனும் மாணவர் விசாவில் வந்து இதைப் படிக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 தாளின் தலைப்பைப் பாருங்கள்: டிபார்ட்மென்ட் ஆஃப் ஹோம்லேண்ட் செக்யூரிட்டி என்றே அச்சாகியிருக்கும். உங்களை உள்ளே விடுவது அந்தத் துறை. வேலை தராததும் அதுவே. அங்கே ஏறக்குறைய எல்லா வேலைக்கும் அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். அதற்குக் கிரீன் கார்டு வந்தபின்பும் பொதுவாக ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். இந்தியர்களுக்குக் கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நீளம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிலர் "பிரைவேட்ல பார்த்துக்கலாம்" என்கிறார்கள். அரசு ஒப்பந்த நிறுவனங்களும் பெரும்பாலும் பாதுகாப்பு அனுமதி கேட்கும், அதுவும் குடிமக்களுக்குத்தான். படிப்பு ஸ்டெம் எனும் அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் இல்லையென்றால், படித்து முடித்தபின் வேலை பார்க்க விடும் ஓபிடி அனுமதியும் 12 மாதத்தோடு முடிந்துவிடும்.

ஏற்கெனவே போலீசிலோ தீயணைப்பிலோ இருப்பவர்கள் முதுகலைக்குச் சொந்தப் பணம் போடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. கலிபோர்னியாவின் மான்டரேயில் உள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரி, தேர்வாகும் அரசு அலுவலர்களுக்கு இதே பாடத்தில் முதுகலையை இலவசமாகவே நடத்துகிறது. பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமாவின் இணையப் பாடங்களுக்கும் காசில்லை. ஐஎஸ்-100 என்ற அறிமுகப் பாடத்தில் தொடங்கிப் பார்த்தால் இந்தத் துறை நமக்கு ஒத்துவருமா என்று ஒரு வார இறுதியில் தெரிந்துவிடும்.

ஆளெடுப்பு ஒரே சீராக இருக்கும் என்று எண்ணியும் ஏமாறுகிறார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஆளெடுப்பை நிறுத்தியது. சிசாவிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு அருகே ஆட்கள் வெளியேறினார்கள். அதே வருடம் குடிவரவுச் சட்ட அமலாக்க அமைப்பான ஐஸ், 50,000 டாலர் வரை போனஸ் தருவதாகச் சொல்லி ஆள் தேடியது. நாலு வருடம் கழித்து எந்தக் கதவு திறந்திருக்கும்? அதனால் கணக்கியல், கணினி, ஸ்பானிஷ் என்று வெளியிலும் விலை போகும் ஒன்றைப் பிரதானமாக எடுத்து, ஹோம்லேண்ட் செக்யூரிட்டியைத் துணைப்பாடமாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். முதல் இரண்டு வருடம், கட்டணம் குறைந்த உள்ளூர்க் கவுண்டி கல்லூரியில் படிக்க அவன் சம்மதித்துவிட்டான். அவன் அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.