ஏற்காட்டு காப்பித் தோட்டங்களில் அடிமை வரலாறு தேடி நடக்க

ஏரிக்கரையில் படகுக்கு நிற்கும் கூட்டத்தை விட்டு விலகி, கிரேஞ்ச் எஸ்டேட் பக்கம் காலையிலேயே நடந்துவிடுங்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். செடி நட்டவர்கள் பெயர் ஒருவருக்கும் தெரியாது, எனக்கு அதுதான் ஆறவில்லை.

மூன்று ஆண்டுகளை மனதில் வைத்துக்கொண்டு நடங்கள். 1843-இல் ஆளை உடைமையாக வைத்திருக்கும் உரிமையைக் கோர்ட் ஏற்காது என்று சட்டம் வந்தது. ஆனால் 1859-இன் சட்டப்படி, முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் சிறைக்கு அனுப்ப முடிந்தது. சங்கிலி போய்க் கடன் வந்தது, அவ்வளவுதான். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல்தான் வந்தது.

தோட்டங்கள் தனியார் இடம். கேட்காமல் உள்ளே போகாதீர்கள். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களையும் அவற்றின் நிழலில் நிற்கும் காப்பிச் செடிகளையும் வழியிலிருந்தே பார்க்கலாம். அப்புறம் டீக்கடையில் உட்காருங்கள். பெரியவர்களிடம் "அடிமையா இருந்தீங்களா" என்று கேட்கவே கூடாது. "முன்பணம் யார் குடுத்தாங்க, எப்படிக் கழிச்சாங்க?" என்று கேளுங்கள், பேச்சு தானாக வரும். அனுமதி இல்லாமல் போனில் பதிவு செய்ய வேண்டாம்.

இன்றும் கடனுக்காக யாரையாவது பிடித்து வைத்திருப்பதாகத் தெரிந்தால், நடையை நிறுத்திவிட்டு வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகத்தில் மனு கொடுங்கள். 1976 சட்டப்படி அந்தக் கடன் செல்லாது.