எடையைக் குறைத்தால் ஆஸ்துமாவும் அடங்கும்: எங்கிருந்து தொடங்குவது?
முதலில் இடுப்பை அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை, ஏனென்றால் வயிற்றுக் கொழுப்பு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் மூச்சுவிட உதவும் தசையான உதரவிதானத்தை மேலே தள்ளி நுரையீரலை முழுசாக விரியவிடாது, அது போதாதென்று அந்தக் கொழுப்பே அழற்சியைத் தூண்டும் பொருட்களையும் சுரக்கிறது. ஒல்லியானவர்களுக்கும் ஆஸ்துமா வரும், அது வேறு விஷயம்.

எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு மூச்சு இலகுவாகிறது. 80 கிலோ ஆளுக்கு அது 4 முதல் 8 கிலோதான். தர்மபுரிப் பக்கம் நமக்குக் கேழ்வரகும் சாமையும் பழக்கம்தானே, சரி, ஆனால் களி உருண்டையைச் சின்னதாக்கிக் கீரையையும் கொள்ளையும் கூட்டிக்கொள்ளுங்கள். மார்கழிப் பனியில் விடியற்காலை நடை வேண்டாம், வெயில் ஏறியதும் கிளம்புங்கள். அப்புறம், எடை குறைகிறதே என்று இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள், அதை மருத்துவர் சொல்லட்டும்.