ஆராய்ச்சியை ஆடியோவில் சொல்லப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்

வேலூர்ப் பக்கம் ஆராய்ச்சிக்குப் பஞ்சமே இல்லை. சிஎம்சி இருக்கிறது, விஐடி இருக்கிறது, சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம், விரிஞ்சிபுரத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையம், கொஞ்சம் தள்ளிப் போனால் ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம். ஆனால் அங்கெல்லாம் என்ன ஆராய்ச்சி நடக்கிறது என்று காட்பாடி ஸ்டேஷனில் நிற்கிற யாரையாவது கேட்டுப் பாருங்கள், "பெரிய ஆஸ்பத்திரி, பெரிய காலேஜ்" என்பதற்கு மேல் பதில் வருவது கஷ்டம். இந்தக் குறையைத் தீர்க்கிறோம் என்று இப்போது பேராசிரியர்களும் பிஎச்.டி. மாணவர்களும் பாட்காஸ்ட், சமுதாய வானொலி என்று இறங்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். அப்படி வருகிற பதிவுகளை எடிட் செய்து கொடுப்பது என் வேலை என்பதால் சொல்கிறேன், முக்கால்வாசிப் பேர் சறுக்குவது ஒரே இடத்தில். கேட்கப்போவது குடியாத்தத்தில் தறியில் உட்கார்ந்திருப்பவரோ, அடுப்படியில் வெங்காயம் நறுக்குபவரோ என்பதை மறந்துவிட்டு, வைவா எடுக்க வந்த எக்ஸாமினருக்குப் பதில் சொல்வது போலப் பேசுகிறார்கள். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்து முளைப்பவைதான்.

தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வணக்கம், என் பெயர், என் துறை, என் நெறியாளர், துறைத்தலைவர், முதல்வர், தாளாளர், நிதி கொடுத்த அமைப்பு என்று நன்றி சொல்லி முடிக்கவே இரண்டு நிமிடம் ஓடிவிடுகிறது. மேடையில் இது மரியாதை, கூட்டத்தில் உட்கார்ந்தவர் எழுந்து போகவும் மாட்டார். போனில் கேட்பவருக்கு அந்தச் சங்கடமே இல்லை, அடுத்ததுக்குத் தள்ளிவிடுவார். நன்றியைக் கடைசியில் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடி முள்ளு கத்தரியில் ஆய்வு செய்கிறவர் தாவரவியல் பெயரிலிருந்தா தொடங்க வேண்டும்? "இந்தக் கத்தரிக்காய்ல கை வெச்சா முள்ளு குத்துதே, அந்த முள்ளு செடிக்கு எதுக்கு?" என்று தொடங்கினால் சந்தையில் அதைப் பொறுக்கி எடுத்த எல்லோருமே நின்று கேட்பார்கள்.

அடுத்தது, கட்டுரையை அப்படியே வாசிப்பது. எனக்கு அதிகம் வெறுப்பேற்றுவது இதுதான். எழுத்துத் தமிழைக் கண்ணால் படிக்கும்போது புரியாவிட்டால் திரும்பிப் போய்ப் படிக்கலாம், காதுக்கு அந்த வசதி இல்லை. ஒரு மாதிரிக்குச் சொல்கிறேன்: "பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் மாதிரிகளில் மொத்தக் கரைந்த திடப்பொருள்களின் செறிவு அனுமதிக்கப்பட்ட வரம்பினைக் கடந்து காணப்பட்டமை இவ்வாய்வின் வாயிலாக அறியப்படுகிறது." இதில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை, ஆனால் "செறிவு" வருவதற்குள் கேட்பவர் போய்விட்டார். இதையே, "ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் நிறைய கிணத்துல தண்ணி உப்பா இருக்கு, கடினமாவும் இருக்கு. சோப்பு போட்டா நுரை வராது, பருப்பு சட்டுனு வேகாது. ஏன் இப்படின்னு பார்க்கத்தான் நாங்க ஊர் ஊரா பாட்டில் எடுத்துக்கிட்டுப் போனோம்" என்று சொல்லலாம். விஷயம் அதேதான், அறிவியலும் குறையவில்லை. எழுதி வைத்துக்கொள்ளாமல் பேச வராது என்றால் முழு வாக்கியமாக எழுதாமல் ஐந்தாறு குறிப்புகள் மட்டும் எழுதுங்கள். வீட்டில் பேசுகிற தமிழே போதும், செய்தி வாசிப்பவர் குரல் வேண்டாம். நம் பக்கம் ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்தில் வீட்டில் உருது பேசுபவர்கள், இன்னும் பல ஊர்களில் தெலுங்கு பேசுபவர்கள் எல்லோரும் கடைத்தெருத் தமிழை நன்றாகப் புரிந்துகொள்வார்கள், பாடப்புத்தகத் தமிழ் என்றால்தான் திணறல்.

எண்களில் இரண்டு விதமாகக் கோட்டை விடுகிறார்கள். ஒன்று, "இந்த வரைபடத்தில் பார்த்தீர்களானால்" என்பது. எங்கே பார்ப்பது? இன்னொன்று, மூச்சு விடாமல் எண்களை அடுக்குவது. ஒரு நிமிடத்துக்கு ஒரு எண் போதும், அதுவும் கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பு முதலியவற்றின் மொத்த அளவு, இப்போது வீட்டில் இருப்பவர்களுக்கே தெரியும், ஆர்ஓ மெஷின் விற்க வருகிறவர் மீட்டரை டம்ளரில் முக்கிக் காட்டிவிட்டுத்தானே போகிறார். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைச் சொல்லிவிட்டு உங்கள் கிணற்று எண்ணைச் சொல்லுங்கள், அவ்வளவுதான். காவலூர் தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் என்றால் மனதில் ஒன்றும் தோன்றாது, வீட்டு வாசக்காலை விட அகலமான கண்ணாடி என்றால் உடனே தோன்றும்.

சதவீதம் இன்னும் ஆபத்தானது. ரோட்டாவேக் என்கிற ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தின் பெரிய சோதனை டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களில் சுமார் 6,800 குழந்தைகளிடம் நடந்தது. கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை முதல் வருடத்தில் அது சுமார் 56 சதவீதம் தடுத்தது. இதை அப்படியே சொன்னால் ஒரு தாய் என்ன நினைப்பார்? "நூறு குழந்தைக்குப் போட்டா நாப்பத்தி நாலு குழந்தைக்கு நோய் வந்துடுமாம்." அது தவறு. மருந்து போடாமல் விட்டிருந்தால் நூறு குழந்தைகள் மோசமாகப் படுத்திருக்கிற இடத்தில், போட்டதால் நாற்பத்து நான்கு பேர்தான் படுத்தார்கள் என்பதே அதன் பொருள். கூடவே, வயிற்றுப்போக்குக்கு வேறு கிருமிகளும் காரணம், அவற்றை இந்த மருந்து தடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் "சொட்டு மருந்து போட்டும் பேதி ஆச்சே" என்ற கேள்வி கட்டாயம் வரும், அப்புறம் மருந்தின் மீதே நம்பிக்கை போய்விடும். 2016இல் தேசியத் திட்டத்தில் சேர்ந்த மருந்து, அதைப் பற்றித் தப்பான புரிதலைப் பரப்பிவிடக் கூடாது.

சிலர் எதையும் உறுதியாகச் சொல்வதே இல்லை. எதைக் கேட்டாலும் "இருக்கலாம், வாய்ப்புண்டு, மேலும் ஆய்வு தேவை." முழுக்க இப்படிப் பேசினால் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. இன்னும் சிலர், பேட்டி எடுப்பவர் "அப்போ இதைச் சாப்பிட்டா சுகர் குறையுமா சார்?" என்று ஆசையாகக் கேட்டதும் "ஆமா குறையும்" என்று தலையாட்டிவிடுகிறார்கள், ஆனால் பார்த்தது எலியிடம். இங்கே ஒரு நடைமுறை விஷயம்: உங்கள் பேச்சை யாராவது முப்பது வினாடிக்கு வெட்டி வாட்ஸ்அப்பில் விடத்தான் போகிறார்கள். அதனால் எச்சரிக்கையைக் கடைசி நிமிடத்துக்கு ஒதுக்காதீர்கள். "எலிகளுக்குக் கொடுத்தப்போ சர்க்கரை குறைஞ்சுது, மனுஷங்களுக்குக் கொடுத்து இன்னும் பார்க்கலை" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டால், வெட்டுகிறவரும் இரண்டையும் சேர்த்துத்தான் வெட்ட வேண்டியிருக்கும்.

ஊர்ப் பெயர் சொல்லும்போது யோசியுங்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றித் தீர்ப்புச் சொன்னது, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்திலும் உண்டு என்றது. அதையெல்லாம் தைரியமாகப் பேசலாம், பொதுவில் இருப்பதுதான். ஆனால் நீங்கள் நாலு கிணற்றில் எடுத்த சாம்பிளை வைத்து, ஒரு சின்னக் கிராமத்தின் பெயரைச் சொல்லி "இந்த ஊர்த் தண்ணியில குரோமியம்" என்றால், மறுநாள் அங்கே நிலத்தின் விலையைக் குறைத்துப் பேசுவார்கள், பெண் கொடுக்கவும் யோசிப்பார்கள். கிணற்றுக்காரரிடம் முதலில் முடிவைச் சொல்லி, சம்மதம் வாங்கி, அப்புறம்தான் மைக். நோயாளிகள் விஷயத்தில் பெயரை மறைத்தால் மட்டும் போதாது. ஊர், வயது, தொழில் மூன்றையும் சேர்த்துச் சொன்னால் பக்கத்துத் தெருக்காரர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்.

சத்தம் பற்றிச் சுருக்கமாக: சீலிங் ஃபேன், ஏசி இரண்டையும் அணையுங்கள். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள், அதனால் விடியற்காலையில் பதிவு செய்யுங்கள். காலி வகுப்பறை வேண்டவே வேண்டாம், எதிரொலிக்கும். மெத்தையும் துணி பீரோவும் இருக்கிற படுக்கையறை எவ்வளவோ மேல். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும், இல்லையென்றால் ஒவ்வொரு "ப"வுக்கும் காற்று வந்து மோதும். பதிவு செய்ததை எடிட்டருக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

கடைசியாக ஒன்று. ஒரே துறையைச் சேர்ந்த இரண்டு பேர் உட்கார்ந்து பேசினால், பத்தாவது நிமிடத்தில் கான்ஃபரன்ஸ் கதைக்குப் போய்விடுகிறார்கள், கேட்பவர் கல்யாண வீட்டில் தெரியாத சொந்தக்காரர்கள் நடுவே மாட்டிக்கொண்டது போல முழிக்கிறார். துறைக்கு வெளியே உள்ள ஒருவரை, முடிந்தால் "அதனால எனக்கு என்ன சார்?" என்று கூச்சப்படாமல் கேட்கிற ஒருவரை எதிரே உட்கார வையுங்கள். தீசிஸ் முழுவதையும் சொல்ல வேண்டாம், ஒரு கேள்வி, பன்னிரண்டு பதினைந்து நிமிடம் போதும். முடிந்ததும் லிங்கைக் கல்லூரி ஆசிரியர் குரூப்பில் போட்டு நாலு கைதட்டல் பொம்மை வாங்கிக்கொண்டு நிறுத்திவிடாதீர்கள். உங்களுக்கு நிலத்தைக் காட்டிய விவசாயிக்கும் ரத்த சாம்பிள் கொடுத்த அம்மாவுக்கும் முதலில் அனுப்புங்கள். அவர்கள் திருப்பிக் கேட்கிற கேள்வியை அடுத்த பதிவுக்கு வைத்துக்கொள்ளலாம்.